பன்னிரண்டு வரி அடித்தும் பூஜ்யம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் தென்னை விவசாயி ஒருவர், ஆழியாற்றுத் தண்ணீர் தன் தோட்டம் வரை வரவில்லை என்று மனு எழுத வந்தார். மனு அனுப்பும் தளத்தில் தடித்த எழுத்து, அடிக்கோடு எல்லாம் வைத்த எடிட்டர் பெட்டி. பன்னிரண்டு வரி அடித்து முடித்தேன். கீழே ‘0 எழுத்துகள்’ அப்படியே நின்றது. சமர்ப்பிக்கும் பட்டன் மங்கியே கிடந்தது.

“ஏனுங்க அம்மணி, தமிழ்ல எழுதுனா வாங்காதுங்களா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

ஆங்கிலத்தில் நாலு எழுத்து அடித்துப் பார்த்தேன்; அப்போதும் பூஜ்யம்தான். எஃப்12 அழுத்தி, பக்கத்தின் உள்ளே ஓடும் நிரலைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. அங்கே வைத்திருந்த டைனிஎம்சிஇ என்ற எடிட்டர், இணையப் பக்கத்தின் சாதாரண எழுத்துப் பெட்டியான டெக்ஸ்ட்ஏரியாவை மறைத்துவிட்டு, ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் வைத்த இன்னொரு குட்டிப் பக்கம்) தன் சொந்தப் பெட்டியைக் காட்டுகிறது. நாம் அடிப்பது அங்கேதான் விழும். எழுத்தை எண்ணும் ஜாவாஸ்கிரிப்டோ, மறைந்துபோன டெக்ஸ்ட்ஏரியாவில் ‘கீஅப்’ (விசையை விட்டதும் எழும் நிகழ்வு) வரும் என்று காத்துக் கிடந்தது. கட்டளை தட்டும் இடமான கன்சோலில் ‘டிரிக்கர்சேவ்’ என்ற கட்டளை கொடுத்து எழுத்தை டெக்ஸ்ட்ஏரியாவுக்கு இறக்கி, ஒரு கீஅப்பையும் நானே கிளப்பிவிட்டேன். எண் நகர்ந்தது, பட்டன் தெளிந்தது, மனு போனது.

சரி, வீட்டில் போனிலிருந்து மனுப் போடுகிறவர் கன்சோலுக்கு எங்கே போவார்?

தளம் அமைப்பவர்களுக்கு என் வேண்டுகோள். எடிட்டரை அமைக்கும் ‘செட்டப்’ பகுதியிலேயே, எழுத்து மாறும்போது அதுவே எழுப்பும் ‘இன்புட்’, ‘சேஞ்ச்’ நிகழ்வுகளோடு உங்கள் நிரலை இணையுங்கள். விசை அழுத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ‘கீடவுன்’ (விசையை அழுத்தும்போது எழும் நிகழ்வு) பல நேரம் எல்லா எழுத்துக்கும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் தரும். மவுஸால் ஒட்டினால் விசையே கிடையாது. அப்புறம், ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் ‘லெங்த்’ (நீளம்) கணக்கில் ஐந்து. ஆயிரம் எழுத்து வரம்பு என்றால் தமிழில் எழுதுகிறவருக்கு இடம் பாதியிலேயே முட்டிவிடும். எழுத்தை முழுசாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் ‘செக்மென்டர்’ வைத்து எண்ணினால் மூன்று என்றே வரும்.

வெளியிடும் முன் ஒரு தடவை போனில் தமிழில் பத்து வரி அடித்தும், ஒட்டியும், அனுப்பிப் பாருங்கள். பெரியவரின் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் இதே மனுவோடு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

— ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்