பதக்கப் பரிந்துரை சம்பவ அறிக்கையிலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி வெளியாகும் பதக்கப் பட்டியல்களில் தீயணைப்பு வீரர்கள், ஊர்க்காவல் படையினர், குடிமைப் பாதுகாப்புத் தொண்டர்கள் பெயர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் தகுதியுள்ள பலரின் கோப்பு மாவட்ட அளவைக்கூடத் தாண்டுவதில்லை. எந்தப் பதக்கத்துக்கு எழுதுகிறோம் என்ற தெளிவின்மையும் சம்பவ அறிக்கையின் பலவீனமுமே இதற்குப் பெரும் காரணங்கள்.

காவல், தீயணைப்பு, ஊர்க்காவல் படை மற்றும் குடிமைப் பாதுகாப்பு, சிறைத் துறை ஆகியவற்றுக்கு இருந்த 16 பதக்கங்கள் 2024 குடியரசு தினம் முதல் நான்காகச் சுருக்கப்பட்டுள்ளன. வீரச் செயலுக்கு இரண்டு. தகைசால் பணிக்கு ஒன்று, பாராட்டத்தக்க பணிக்கு ஒன்று. பிறர் உயிரைக் காத்தவர்களுக்கு வழங்கப்படும் ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் இவற்றில் சேராதவை. முப்படையினர், காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோர் பணி நேரத்துக்கு வெளியே உயிர் காத்திருந்தால்தான் அவை கிடைக்கும். விடுப்பில் இருந்த தீயணைப்பு வீரர் குளத்தில் மூழ்கியவரைக் காப்பாற்றினால் இதற்கு எழுதலாம். அழைப்பு வந்து வண்டியோடு போனவருக்கு இதே விண்ணப்பத்தை அனுப்பினால் கோப்பு திரும்பிவிடும். அவருக்கு உரியது வீரப் பதக்கம்.

ஜீவன் ரக்ஷாவில் மூன்று நிலைகள் உண்டு. காப்பாற்றியவரின் உயிருக்கு மிகப் பெரும் ஆபத்து இருந்தால் சர்வோத்தம், பெரும் ஆபத்து என்றால் உத்தம், கடுமையான உடற்காயத்துக்கான ஆபத்து என்றால் அடைமொழி இல்லாத ஜீவன் ரக்ஷா பதக்கம். மூன்றிலும் எடைபோடப்படுவது காப்பாற்றியவர் எதிர்கொண்ட ஆபத்து. நம் அறிக்கைகளோ, ‘குழுவினர் விரைந்து சென்று இருவரை மீட்டனர்’ என்று முடிந்துவிடுகின்றன. கயிற்றில் இறங்கியவர் யார்? கிணற்றின் ஆழம் என்ன, உள்ளே விஷவாயு இருந்ததா, மூச்சுக் கருவி அணிந்திருந்தாரா, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்? இவை அன்றே எழுதப்படாவிட்டால் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பரிந்துரை போய்ச் சேர வேண்டும் என்பதால் தாமதத்துக்கும் இடமில்லை.

ஆகவே ஒரு வாரத்துக்குள் அழைப்புப் பதிவேட்டின் நகல், காவல் நிலையப் பதிவு, மருத்துவமனைச் சான்று, நேரில் பார்த்த பொதுமக்கள் இருவரின் வாக்குமூலம், இடத்தின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவிட வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் விளக்கம் கேட்டுக் கோப்பு கீழே வரும், அதில் மாதங்கள் கரையும்.

இன்னொன்றும் உண்டு. முறையாகக் கயிறு கட்டி, மூச்சுக் கருவி அணிந்து, பதற்றமில்லாமல் மீட்பவரின் வேலையில் ஆபத்து வெளியே தெரியாது. பாதுகாப்பின்றிக் குதித்தவரே வீரராகத் தெரிவார். இது பயிற்சியின் நோக்கத்துக்கே எதிரானது. நிதானமாகப் பணியாற்றுவோருக்கு உரியவை தகைசால் பணிக்கும் பாராட்டத்தக்க பணிக்கும் உள்ள சேவைப் பதக்கங்கள். அவற்றுக்கோ பல்லாண்டு வருகைப் பதிவும் பயிற்சிப் பதிவும் பழுதின்றி இருக்க வேண்டும். சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே கடமைக்கு வரும் ஊர்க்காவல் படையினர் விஷயத்தில், வெள்ளப் பணிக்கும் திருவிழாப் பணிக்கும் போன நாட்கள் பலமுறை வெற்று எண்ணிக்கையாகவே பதிவாகின்றன. என்ன செய்தார்கள் என்பது எங்கும் இருப்பதில்லை.

சம்பவ அறிக்கைப் படிவத்திலேயே ‘தனிநபர் செயல்’, ‘எதிர்கொண்ட ஆபத்து’ என்று இரண்டு பத்திகளைச் சேர்க்கவும், மாவட்ட அலுவலர்கள் அவற்றை மாதந்தோறும் பார்த்து உரிய பதக்கத்துக்குப் பிரித்து அனுப்பவும் அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மீட்புப் பணிப் பயிற்றுநர்கள் சிலர்