பாய்மரப் படகின் அடியில் போடும் இரண்டங்குலத் துளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் சிறிய ஃபைபர் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் அதை டிரெய்லரில் ஏற்றி மண்டபம், தொண்டி பக்கம் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். அந்தக் கடல் ஆழம் குறைந்தது. தனுஷ்கோடிக்குக் கிழக்கே மணல்திட்டுகளில் பல இடங்களில் இரண்டு பாகம் (சுமார் பன்னிரண்டடி) தண்ணீர்கூட இருக்காது. ஆழமும் வேகமும் காட்டும் கருவி அங்கே அவசியம். ஆனால் அதன் சென்சாருக்காகப் படகின் அடியைத் துளைக்கும் வேலை பட்டறைகளில் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைப் பிதுக்கி, நட்டை ஸ்பேனரால் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இது படகையே கெடுக்கும் வேலை.

முதலில் ஒரு விஷயம். ஆழம் மட்டும் தெரிந்தால் போதும், அடித்தளமும் முழுக்க ஃபைபர்தான் என்றால், துளையே வேண்டாம். சென்சாரை உள்பக்கத் தரையில் எபாக்சிப் பசையால் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டினால், ஆழத்தை அளக்க அது அனுப்பும் ஒலி ஃபைபரைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஒட்டுமுன், படகு தண்ணீரில் நிற்கும்போது ஒரு பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தில் வைத்து, சென்சாரை அதற்குள் நிறுத்திப் பாருங்கள். ஆழம் நிலையாகக் காட்டினால் அந்த இடம் சரி. வேகத்துக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. காந்தம் பதித்த சின்னச் சக்கரம் ஓடும் தண்ணீரில் சுழல வேண்டும்.

இரண்டும் சேர்ந்த சென்சார் என்றால் கீலுக்கு (படகடியில் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் பலகை போன்ற பகுதி) ஓரடி முதல் இரண்டடி முன்னால், நடுக்கோட்டிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் வையுங்கள். கீலுக்குப் பின்னால் நீர் சுழித்துக் குமிழி வரும், சக்கரமும் ஏமாறும், ஒலியும் சிதறும். அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, ரொம்பப் பக்கத்தில் வைத்தால் அலையில் முன்தலை தூக்கும்போது சென்சார் காற்றில் நிற்கும். உள்ளே ஒன்பது அங்குல உயரமாவது காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தை உருவிச் சுத்தம் செய்யவே முடியாது. டிரெய்லர் ரோலர் எந்தக் கோட்டில் உருளுகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து போய்வரும் படகுகளுக்கு அலையைவிட அந்த ரோலரால்தான் ஆபத்து அதிகம்.

உள்ளிருந்து 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போடும்போது வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி மட்டும் வந்தால் முழு ஃபைபர். பழுப்பாக மரச்சுருள் வந்தால் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பல்சா என்ற லேசான மரக்கட்டை இருக்கிறது. நாங்கள் இந்தக் கடிதம் எழுதுவதே இந்த பல்சாவுக்காகத்தான். துளையின் விளிம்பில் பல்சாவை வெறுமனே விட்டால், ஒரு சொட்டுக் கசிவு போதும். தண்ணீர் இரண்டு தோலுக்கும் நடுவே ஊறிப் பரவும். வெளியே ஒன்றும் தெரியாது. சில பருவம் கழித்துத் தரையை மிதித்தால் சதக்கென்று அமுங்கும்போதுதான் புரியும். அப்போது கட்டையெல்லாம் மக்கிப் போயிருக்கும்.

அதனால் உள்ளிருந்து 60 மி.மீ. ஹோல் சாவால் (வட்டமாகத் துளை வெட்டும் ரம்பம்) உள்தோலையும் பல்சாவையும் மட்டும் வெட்டி எடுங்கள். வெளித்தோலைத் தொட வேண்டாம். சுற்றிலும் அரை அங்குல ஆழத்துக்குக் கட்டையைச் சுரண்டிவிட்டு, வழித்துளையை வெளியே டேப்பால் மூடி, எபாக்சியில் ஏரோசில் என்ற கெட்டிப்படுத்தும் சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக நிரப்புங்கள். பாலியஸ்டர் ரெசின் இதற்கு ஆகாது, சுருங்கி விளிம்பை விட்டு விலகும். நம்மூர் வெயிலில் எபாக்சியை ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் சூடேறிப் புகைந்து விரிசல் விடும். வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு தடவையாக ஊற்றுங்கள். மறுநாள் இறுகியதும், வெளியே டேப் ஒட்டி, 51 மி.மீ. ஹோல் சாவை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு மேல்பூச்சில் கோடு விழச் செய்த பிறகு வெட்டினால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயராது. சென்சார் கம்பெனி சொல்லும் அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சீலண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடலுக்கென்று விற்கும் பாலியூரிதேன் வாங்குங்கள். சிலிக்கான் பூசிய இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. ஃபைபரை உப்புத்தாளால் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைக்கலாம், ஆனால் துளையில் பொருத்தும் சென்சாரின் பிளாஸ்டிக் கூட்டின் மேல் அசிட்டோன் படவே கூடாது, பிளாஸ்டிக் பலமிழந்துவிடும். சீலண்டை விளிம்பிலும் மரையிலும் தடவி, அம்புக்குறி அணியத்தைப் பார்க்கும்படி கீழிருந்து செருகி, நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். சுற்றிலும் ஒரே சீராகச் சீலண்ட் பிதுங்க வேண்டும். ஸ்பேனர் போட்டால் சீலண்ட் முழுக்க வெளியேறிவிடும், கூடும் கீறிக்கொள்ளும். வத்தை மாதிரி மரப்படகென்றால் பிளாஸ்டிக் வேண்டாம், வெண்கலம் போடுங்கள். மரம் ஊறிப் பருத்தால் பிளாஸ்டிக் உடையும்.

சீலண்ட் இறுகிய பின் படகு ஸ்டாண்டில் இருக்கும்போதே கூட்டைச் சுற்றிக் களிமண்ணால் கரை கட்டித் தண்ணீர் ஊற்றி, அடியில் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கடலில் இறக்கியதும் ஒருமுறை, மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி, பிறகு முதல் 24 மணி நேரம் அவ்வப்போது பார்க்க வேண்டும். படகைத் தனியே விட்டு ஊருக்குத் திரும்பாதீர்கள். இரண்டங்குலத் துளை முழுக்கத் திறந்துகொண்டால் ஓரடி ஆழத்தில் வினாடிக்குச் சுமார் மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே வரும், ஐந்து வினாடிக்கு ஒரு பெரிய வாளி. சக்கரத்தை உருவியதும் செருக வேண்டிய அடைப்பான் பெட்டியில் கிடந்தால் பிரயோஜனமில்லை. அதன் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் தடவி, கூட்டின் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

வேகத்தைச் சரிபார்க்க ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிடும்போது ஒரே கோட்டில் போகவும் வரவும் ஓட்டி, ஜி.பி.எஸ். காட்டும் இரண்டு வேகங்களின் சராசரியை எடுங்கள். ஒரு திசை மட்டும் ஓட்டினால் நீரோட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரம் 4.2 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காட்டி, ஜி.பி.எஸ். சராசரி 4.8 என்றால் 114 சதவீதம் என்று திருத்தம் கொடுங்கள். கடலிலேயே கிடக்கும் படகில் சக்கரத்தைப் பாசியும் சிப்பியும் பிடிக்கும், ஓட்டாத நாட்களில் அதைக் கழற்றி அடைப்பானைப் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு வேலை செய்வோர்,
மதுரை