பழைய ராணுவ ரைஃபிள்களின் விலை ஏற்றமும் அவற்றில் அழிக்கப்படும் சான்றுகளும்: சேகரிப்பாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவிலுள்ள ராணுவத் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், இத்துப்பாக்கிகளை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கும், விற்பனையாளர்களுக்கும்,

வணக்கம்.

படைகள் பயன்படுத்தி முடித்துக் கழித்துவிட்ட ரைஃபிள்களின் விலை கடந்த இருபது ஆண்டுகளில் எப்படி ஏறியது என்பதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விலைச்சீட்டுகளை எழுதுபவர்களே நீங்கள்தான். விலையைக் குறையுங்கள் என்று கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. வரத்து நின்றுபோன ஒரு பொருளின் விலை ஏறத்தான் செய்யும். அந்த விலை ஏற்றத்தால் துப்பாக்கிகளுக்கே என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை. ஒரு படை தன் ஆயுதத்தை எங்கே செப்பனிட்டது, எதை மாற்றியது, எந்த எதிரியிடமிருந்து கைப்பற்றியது என்பதற்கு அந்த இரும்பிலும் மரத்திலும் எஞ்சியிருக்கும் சான்றுகள், கூடுதலாகக் கிடைக்கும் சில நூறு டாலருக்காக ஒவ்வொன்றாக அழிக்கப்படுகின்றன. இதைத் தடுக்கும் வலிமை அரசாங்கத்தைவிட உங்களிடமே அதிகம் இருக்கிறது. இத்துறையில் ஆர்வம் கொண்ட தமிழர்களும் இந்நாட்டில் இருப்பதால், புதிதாக வாங்க முனையும் அவர்களும் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

விலை ஏறிய வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களிலும் 60களிலும் ஐரோப்பியப் படைகளின் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக இங்கே வந்திறங்கி, பத்திரிகை விளம்பரங்கள் மூலம் அஞ்சலிலேயே விற்கப்பட்டன. அதிபர் கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட இத்தாலியக் கார்கானோ ரைஃபிள் 1963இல் தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்கு அஞ்சல் வழியாக வாங்கப்பட்டதே. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனிமனிதர்களுக்கான அஞ்சல் விற்பனையையும், ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1984இல் செய்யப்பட்ட திருத்தம் சேகரிப்புப் பொருள்களாக வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு மீண்டும் வழிவிட்டது. அதன்பின் சோவியத் ஒன்றியம் சிதறி, கிழக்கு ஐரோப்பாவின் கிடங்குகள் திறந்தபோது மொசின்-நாகன் என்னும் ரஷ்ய ரைஃபிள்கள் வெள்ளமாக வந்தன. 1891இல் ஏற்கப்பட்டு, 3 கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்ட அந்தத் துப்பாக்கி 2000களில் 100 டாலருக்கும் குறைவாகவே விற்றது. 440 தோட்டாக்கள் அடைத்த தகர டப்பாவும் அதே அளவு மலிவு. அது என்றைக்கும் தீராது என்றே பலரும் நம்பினார்கள்.

தீர்ந்துவிட்டது. சீனத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் இறக்குமதி 1994லேயே தடைசெய்யப்பட்டு, எஸ்கேஎஸ் என்னும் சோவியத் வடிவ மலிவு ரைஃபிள்களின் ஒரு பெரிய ஊற்று அடைபட்டிருந்தது. 2014இல் உக்ரைன் நெருக்கடியை ஒட்டி ரஷ்யத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது தடைகள் வந்தன. 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவது நிறுத்தப்பட்டது. இவற்றுக்கு நடுவே பெருந்தொற்று ஆண்டான 2020இல், துப்பாக்கி வாங்குவோருக்காக எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சத்தைத் தொட்டன. அன்று 100 டாலருக்குள் கிடைத்த மொசின் இன்று 400 டாலரைத் தாண்டுகிறது.

எம்1 காரண்டின் கதை சற்று வேறு. ஜான் காரண்ட் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் உருவாக்கி, 1936இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிள் ஏறக்குறைய 54 லட்சம் எண்ணிக்கையில் தயாரானது. நட்பு நாடுகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டுத் திரும்பி வந்தவற்றை, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சி.எம்.பி. என்னும் லாப நோக்கற்ற அமைப்பு பொதுமக்களுக்கு விற்று வருகிறது. டென்மார்க், கிரீஸ், பிலிப்பைன்ஸ் என்று அவை வந்த வழிகள் பல. ஆனால் தென் கொரியா விற்க முன்வந்த ஏறத்தாழ 87,000 காரண்டுகள் தனியார் வணிகத்துக்கு வரவில்லை. அமெரிக்க அரசு முதலில் ஒப்புதல் தந்து 2010இல் பின்வாங்கியது, 2013இல் இத்தகைய மறு இறக்குமதிக்கே பொதுவான தடை அறிவிக்கப்பட்டது. ஆகவே இருப்பது கரையக் கரைய விலை ஏறுகிறது.

மலிவாக இருந்த காலத்தை நான் பொற்காலமாகக் கருதவில்லை. இருபது டாலர் ரைஃபிளின் முன்கட்டையை (குழலுக்கு அடியிலுள்ள மரப்பகுதியை) அறுத்து, பயோனெட் என்னும் முனைக்கத்தி மாட்டும் இடத்தை இழைத்துத் தள்ளி, மான் வேட்டைக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டுகளும் ஜெர்மானிய வடிவ மௌசர்களும் இப்படியே ஏராளமாகச் சிதைந்தன. ஆனால் அந்தச் சிதைவு வெளிப்படையானது. அறுபட்ட கட்டையைப் பார்த்த எவரும் அதை 1943இன் போர்முனையிலிருந்து அப்படியே வந்த துப்பாக்கி என்று நம்பமாட்டார்கள். இன்று நடப்பது மறைவாக நடக்கிறது, அதனால்தான் கூடுதல் தீங்கானது.

காரண்டையே எடுத்துக்கொள்வோம். மற்ற பாகங்கள் பூட்டப்படும் நடு உடலான ரிசீவரில் மட்டுமே வரிசை எண் உண்டு. போல்ட் (தோட்டாவை அடைத்துப் பூட்டும் பாகம்), ஆபரேட்டிங் ராட் (போல்ட்டை நகர்த்தும் தண்டு), டிரிகர் கூடு போன்ற பாகங்களில் இருப்பவை வரைபட எண்களே. எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும் என்பதே அந்த ஆயுதத்தின் பெருமை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் கொரியப் போருக்குப் பின்னும் தரைப்படை இவற்றைக் குவியலாகப் பிரித்து, சோதித்து, மீண்டும் பூட்டியது. விரிசல் விழுந்ததால் ஆபரேட்டிங் ராடின் மூலையில் ஒரு சிறு வளைவு வெட்டப்பட்டது. குறிபார்க்கும் பின்புறக் கருவியிலிருந்த பூட்டுத்திருகு அமைப்பு நீக்கப்பட்டுப் புதிய வகை பொருத்தப்பட்டது. 1942இல் பிறந்த ரிசீவரில் 1950களின் குழல் இருப்பது இதனால்தான். அது அந்தத் துப்பாக்கி நெடுங்காலம் படையின் பணியில் இருந்தது என்பதற்கான அத்தாட்சி.

சந்தையோ தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் இருந்ததுபோன்ற துப்பாக்கிக்கே அதிக விலை தருகிறது. எனவே வெட்டப்படாத ராடையும் பழைய பூட்டுத்திருகையும் தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள். கட்டையைச் சுரண்டி, புதிதாகச் செய்த அச்சால் ஆயுதச்சாலையின் ஆய்வு முத்திரையைக் குத்துகிறார்கள். செப்பனிட்ட கிடங்கின் எழுத்துகள் அந்தச் சுரண்டலில் போய்விடுகின்றன. படை மாற்றியதை மாற்றி, படை எழுதியதை அழித்து, அதன்பின் அதற்கு அசல் என்று பெயர் வைக்கிறோம். முதலில் தயாரான சுமார் 50,000 காரண்டுகள், வெடிவாயுவால் துப்பாக்கியை இயக்கும் அமைப்பு வேறுவகையாக இருந்தவை. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் படையே பின்னர் மாற்றிவிட்டது. எஞ்சியவை பெரும் விலைக்குப் போவதால், மாற்றப்பட்டவற்றைப் பின்னோக்கித் திருப்பும் ஆசை இங்கேதான் மிகக் கடுமையாக இருக்கிறது.

மற்ற நாட்டுத் துப்பாக்கிகளிலும் இதே நிலைதான். போர்க்காலத்தில் குறிவல்லுநர்களுக்கென்று தொலைநோக்கியோடு தயாரான மொசின்களில் பலவற்றைச் சோவியத் படை பிறகு சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கிகளாக்கியது. தொலைநோக்கித் தாங்கியை எடுத்துவிட்டு, அதைப் பொருத்தியிருந்த துளைகளை அடைத்து, மெருகிட்டு அடுக்கியது. அடைபட்ட அந்தத் துளைகள்தாம் அவற்றின் முழு வாழ்க்கையையும் சொல்பவை. இன்று அவற்றை மறுபடி துளைத்துத் தொலைநோக்கி பொருத்தி, ஸ்டாலின்கிராடின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். அப்படிக்கூட ஒரு பழைய வாழ்வு இல்லாத வெறும் காலாட்படை மொசின்களுக்கும் இந்த வேடம் போடப்படுகிறது. செஞ்சேனை கைப்பற்றிய ஜெர்மானிய கே98கே ரைஃபிள்கள் பிரிக்கப்பட்டு, கருமெருகிடப்பட்டு, மின்பேனாவால் புதிய எண் கீறப்பட்டு, கட்டையில் அரக்கு பூசப்பட்டு, பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தவை. அந்த அரக்கும் கீறலும், நாஜிப் படையைத் தோற்கடித்தவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து. அதைக் கரைத்தெடுத்து, கீறலைத் தேய்த்து, கழுகு முத்திரையைப் புதிதாகக் குத்துபவர் வென்றவர்களின் சுவட்டை நீக்கித் தோற்றவர்களின் சின்னத்தை மீட்டுத் தருகிறார். இதற்கு நம் சந்தை பரிசு கொடுக்கிறது என்பதை என்னால் அமைதியாக ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் காவலர்களின் தோளில் பார்த்துப் பழகிய பாயிண்ட் 303 துப்பாக்கியின் உறவினர்களும் இந்தச் சந்தையில் உண்டு. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலை, 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், லீ-என்ஃபீல்டு வடிவத்தையே வலுவான எஃகில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்பச் செய்தது. 2ஏ, 2ஏ1 என்ற அந்த ரைஃபிள்கள் இங்கே மட்டமான சரக்காக எண்ணப்பட்டன. அவற்றில் கணிசமானவை வெட்டிக் குறுக்கப்பட்டு, உலகப்போர்க் காலக் காட்டுப் போர்த் துப்பாக்கிகளின் சாயலில் விற்கப்பட்டன. எறிகுண்டு வீசுவதற்காக முன்கட்டையில் கம்பி சுற்றப்பட்ட பழைய இஷாப்பூர் ரைஃபிள்களின் கம்பியை அவிழ்த்து எறிந்தவர்களும் இருக்கிறார்கள். புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு கையிலிருந்த இயந்திரங்களைக் கொண்டு தன் தேவையைத் தீர்த்துக்கொண்டதைக் காட்டும் பொருள்கள் இவை. விலை இப்போது இவற்றுக்கும் ஏறத் தொடங்கியிருப்பதால், செய்ய வேண்டியதை இப்போதே செய்யலாம்.

ஒரு நல்ல எடுத்துக்காட்டும் நம் முன்னே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிளின் பின்கட்டைத் தகட்டைக் கழற்றினால், சிலவற்றில் அதை வைத்திருந்த வீரரின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சிறு சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டை எறியாமல் அதே இடத்தில் வைத்து விற்பது சேகரிப்பாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. சீட்டுள்ள துப்பாக்கிக்கு மதிப்பு உண்டு என்று நாமே முடிவு செய்தோம், சந்தை அதைப் பின்பற்றியது. அடைபட்ட துளைக்கும் அரக்குக்கும் கிடங்கு முத்திரைக்கும் அதே மதிப்பை அளிப்பது நம்மால் முடியாததன்று.

என் சொந்தப் பொருளை என் விருப்பப்படி மாற்ற எனக்கு உரிமை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி அந்த உரிமை இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. முன்னொரு காலத்தில் அறுக்கப்பட்ட என்ஃபீல்டுக்குச் சரியான கட்டையைத் தேடிப் பொருத்தி, அதைச் சொல்லியே விற்பவரை நான் மதிக்கிறேன். அவர் ஒரு காயத்தை ஆற்றுகிறார். ஆனால் செய்ததை மறைத்து விற்பவர் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அந்தத் துப்பாக்கியை ஒரு ஆய்வாளர் புகைப்படம் எடுத்து, இன்ன எண் வரிசையில் இன்ன முத்திரை இருந்தது என்று எழுதும்போது, பொய் நூலுக்குள் நுழைந்துவிடுகிறது. அடுத்துப் போலி செய்பவர் அந்த நூலைப் பார்த்தே செய்கிறார். விலை குறைவாக இருந்தவரை இந்த உழைப்பு யாருக்கும் கட்டுபடியாகவில்லை; இப்போது கட்டுபடியாகிறது.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். ஏல நிறுவனத்தார் ஒவ்வொரு ராணுவ ரைஃபிளின் விவரக்குறிப்பிலும், செப்பனிட்ட முத்திரைகள், இறக்குமதியாளரின் பொறிப்பு, பின்னர் மாற்றப்பட்டதாகத் தெரியும் அல்லது ஐயப்படும் பாகங்கள் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எல்லாம் சரியான பாகங்கள் என்று எழுதுவதோடு, அவை எப்போது அப்படிச் சரியாயின என்பதையும் விற்பவரிடம் கேட்டு எழுதுங்கள். புதிதாகக் குத்தப்பட்ட முத்திரை என்று உறுதியானால் அந்தத் துப்பாக்கியை அந்த விவரத்தோடு மட்டுமே ஏலத்துக்கு விடுங்கள். விற்பனையாளர்கள் பாகங்களை மாற்றும் முன் எடுத்த புகைப்படங்களையும், கழற்றிய பாகங்களையும் துப்பாக்கியோடு சேர்த்தே கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

சங்கங்களிடம் நான் கேட்பது இதைவிடப் பெரியது. உங்கள் கண்காட்சிகளில் படையால் செப்பனிடப்பட்ட நிலையிலேயே காக்கப்பட்ட துப்பாக்கிகளுக்குத் தனிப் பிரிவும் பரிசும் வையுங்கள். எந்த ரைஃபிள் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் பொதுப் பதிவேடு ஒன்றையும் தொடங்குங்கள். பதிவேடு என்றதும் எழும் அச்சத்தை நான் அறிவேன். துப்பாக்கி உரிமையாளர்களின் மையப் பதிவேட்டை அரசு உருவாக்குவதை 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நான் கேட்பதில் உரிமையாளரின் பெயரோ ஊரோ இடம்பெறாது. வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துக்கூட வெளியிடலாம். ரிசீவரின் காலம், குழலின் காலம், கட்டையிலுள்ள முத்திரைகளின் படம், பார்க்கப்பட்ட ஆண்டு ஆகியவை போதும். இன்று பதிவான ரைஃபிள் ஒன்று ஐந்து ஆண்டுகள் கழித்துப் புதிய முத்திரையோடு ஏலத்தில் தோன்றினால், அந்தப் படமே பேசும்.

பழைய கடிதங்களுக்கும் ரசீதுகளுக்கும் நாம் தரும் மதிப்பும் இங்கே உதவும். சி.எம்.பி. வழங்கும் சான்றிதழும், அதற்கு முன் தரைப்படையின் அலுவலகம் நேரடியாக விற்ற காலத்தின் தாள்களும் உள்ள காரண்டுக்கு வாங்குபவர்கள் கூடுதலாகத் தரத் தயங்குவதில்லை. உண்மையான வழிவரலாற்றுக்கு மக்கள் பணம் கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

இளையவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு டாலரில் தொடங்கியவர்கள் தவறு செய்து கற்றுக்கொண்டார்கள். இன்று தொடங்குபவர் முதல் துப்பாக்கிக்கே மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கொடுக்கிறார். அவருக்குக் கிடைப்பது போலியானால் இத்துறையை விட்டே விலகிவிடுவார். நாம் சேர்த்துவைத்தவற்றை அறிவோடு பெற்றுக்கொள்ள ஆள் வேண்டுமானால், முதல் கொள்முதலில் அவர் ஏமாறாதபடி காப்பது மூத்தவர்களின் கடமை.

மேற்கூறிய வெளிப்படுத்தல் முறைக்கு ஒரு பக்க அளவிலான மாதிரிப் படிவம் போதுமானது. அதை உருவாக்க சங்கங்களிலிருந்தும் ஏல நிறுவனங்களிலிருந்தும் அனுபவமுள்ள சிலரைக் கொண்ட குழுவை அமைத்து, உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்க முடியாதவை எவை என்று நீங்கள் கருதினால், காரணத்தோடு பொதுவில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராணுவ ரைஃபிள்களைச் சேகரிக்கும் ஒரு தமிழ் அமெரிக்கன்