உப்பு ஏறும் கடலோர வயல்களில் புதிய நெல் ரகங்களைச் சோதிக்கக் கோரும் மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாநில விவசாய இலாகா, பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் பினாகா, கோல மூடா பக்கம் நெல் பயிரிடும் குடும்பங்கள். கடல் பெருகும் நாட்களில் வாய்க்கால் வழியே எங்கள் வயல்களுக்குள் உப்புநீர் ஏறிவிடுகிறது. மழை குறைந்த போகத்தில் அதைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீரும் கிடைப்பதில்லை. இளம்பயிரின் இலை நுனி வெளுத்துச் சுருள்கிறது. தப்பிப் பிழைத்த பயிரும் பூக்கும் சமயத்தில் உப்பு பட்டால் பதராகிறது. வயல் பச்சையாகத்தான் நிற்கும், அறுத்தால் எடை இருக்காது.

மண்ணின் உப்பளவு மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் (மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் அலகு) தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு போய்விடும். உரத்தைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது.

உப்பைத் தாங்கும் நெல் இல்லாமல் இல்லை. கேரளக் கடலோரத்துப் பொக்காளி என்ற நெல் உவர்நிலத்திலேயே வளர்ந்து வந்தது. அதன் முதல் குரோமோசோமில் உள்ள சால்டோல் என்ற மரபுப்பகுதி, இளம்பயிரின் இலைகளில் சோடியம் சேராமல் தடுக்க உதவுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் ஐஆர் 29 என்ற நெல் ரகத்தையும் பொக்காளியையும் கலந்து எஃப்எல் 478 என்ற வகையை உருவாக்கியது. பொக்காளி உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. அதனால் அதை அப்படியே விதைக்க நாங்கள் கேட்கவில்லை. அந்த மரபுப்பகுதியை மட்டும் நம் ரகங்களுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் மறுபடியும் நம் ரகத்தோடே கலந்து தேர்ந்தெடுத்தால் விளைச்சல் குணம் கெடாது. ஆனால் சால்டோல் காப்பாற்றுவது பெரும்பாலும் இளம்பயிரைத்தான். பூக்கும் பருவத்தைத் தனியே சோதித்தாக வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடத் தொட்டி போதாது, உப்புநீர் ஏறும் வயலே வேண்டும்.

இந்த மண்ணுக்கு இது புதிய வேலையும் இல்லை. 1965-இல் வெளிவந்த மஹ்சூரி, நம் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் பும்போங் லீமாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட நெல் ரகம். தமிழ்நாட்டில் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் அதன் வழி வந்ததுதான். இங்குள்ள தமிழர் வீடுகளில் இன்று பொங்கும் பொன்னிக்கு வேர் இங்கே இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய பெருமை.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது. கடைகளில் உள்ளூர் அரிசிக்கு ஆட்கள் அலைந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் விளையக்கூடிய நிலம் உப்பால் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

ஆகவே தாங்கள் மார்டி எனப்படும் மலேசிய விவசாய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்துடன் பேசி, உப்பைத் தாங்கக்கூடிய நெல் வகைகளை எங்கள் வயல்களில் தொடர்ந்து இரண்டு போகமாவது சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். நிலமும் உழைப்பும் நாங்கள் தருகிறோம். சோதனைப் பாத்தியில் விளைச்சல் போனால் அதற்கு மட்டும் ஈடு தர வேண்டும். ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் மண், வாய்க்கால் நீர் இரண்டின் உப்பளவையும் அளந்து எங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்புறம், கடல்நீரைத் தடுக்க வேண்டிய, பழுதான மடைக் கதவுகளையும் சரிசெய்யாமல் விட்டுவிடக் கூடாது. எவ்வளவு நல்ல ரகம் வந்தாலும் அந்த வேலை தேவைதான்.

அடுத்த விதைப்புக்கு முன் தங்கள் அதிகாரி ஒருவரை, கடல் பெருகும் நாளாகப் பார்த்து, வயலுக்கு அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பினாகா, கோல மூடா வட்டார நெல் விவசாயிகள்