ராவணன் வந்த லாரி

அஸ்தம்பட்டி, சேலம்.

கயலு கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச்சு சரியாக வராது என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "சரி சாமி, சாப்பிட்டுத் தூங்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு இருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டு கிடக்கிறது. உங்கம்மாதான், "சொல்ல வந்ததை எழுதியாவது அனுப்புங்க" என்று கடைக் கணக்கு நோட்டில் தாள் கிழித்துக் கொடுத்தாள்.

காய்கறிக் கடையில் ஒரு அம்மா உன் கையைப் பிடித்து, "அந்த மருமகளை ஏன் இந்தப் பாடு படுத்தறே?" என்று கேட்டதையும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததையும் சொன்னாய். அதைவிட எனக்கு உறைத்தது அப்புறம் சொன்னதுதான். கூனி நாடகத்தை மூட்டை கட்டி வைத்துவிடப் போகிறேன் என்றாய். சீரியலிலும் வில்லி, மேடையிலும் வில்லியா என்று உன் குழுவில் ஒருவரே கேட்டாராம். மூன்று வருஷமாக நீ எழுதி, அடித்து, மறுபடி எழுதிய நாடகம் அது. போன பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் நின்று எங்கள் ரெண்டு பேருக்கும் படித்துக் காட்டினாயே, உங்கம்மா அன்றைக்குக் கீழே இறங்கி வந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை.

உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்.எஸ். மனோகர். பழைய படங்களில் வாளைச் சுழற்றுகிற வில்லனாகத்தான் உன் வயதுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். 1973இல் வந்த உலகம் சுற்றும் வாலிபனில் வில்லன் கூட்டத்தில் இருப்பார். 1975இல் வந்த பல்லாண்டு வாழ்கவில் திருந்த வந்த கைதிகளில் ஒருவராக இருப்பார். நம்ம ஊர் மனிதர் என்றே சொல்லலாம். 1925இல் நாமக்கல்லில் பிறந்தவர். அப்போது நாமக்கல் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது, 1997இல்தான் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் லட்சுமி நரசிம்மன். மனோகரா நாடகத்தில் நடித்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

1951இல் ராஜாம்பாள் படத்தில் சினிமாவுக்கு வந்தார். ஆரம்பத்தில் கதாநாயகனாகவும் நடித்தவர்தான். மூன்றே வருஷத்தில், 1954இல், நேஷனல் தியேட்டர்ஸ் என்று சொந்தமாக நாடகக் குழு ஆரம்பித்துவிட்டார். சினிமாவில் கால் ஊன்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் மேடைக்குப் பணம் போடுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அவருக்கு வந்தது. கடைசி வரைக்கும் இரண்டையும் விடவில்லை. சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டவர் என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள்.

நான் அவர் நாடகத்தை முதலில் பார்த்தது முன்னால் உட்கார்ந்து இல்லை, படுதாவுக்குப் பின்னால் நின்று. பத்தாவது முடித்துவிட்டு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. போஸ் மைதானத்தில் நாடகம். எங்கள் முதலாளிதான் உள்ளூரில் கரண்ட் இழுத்துக் கொடுக்கிற வேலையை எடுத்திருந்தார். மத்தியானம் லாரி வந்தது. நாடகக்காரர்கள் என்றால் பத்துப் பேரும் நாலு பெட்டியும் வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றவன் நான். தார்ப்பாயை அவிழ்த்ததும் உள்ளே ஒரு ஊரே படுத்துக் கிடந்தது. மூங்கிலில் சுருட்டிய படுதாக்கள், ஒட்டுப் பலகையில் அறுத்த தூண்கள், தங்க வர்ணம் பூசிய சிங்காதனம், இரும்புக் குழாய், கயிறு, மணல் மூட்டை, லைட் பெட்டி. ஒவ்வொரு படுதாவின் ஓரத்திலும் மையால் எண் போட்டிருந்தது. எந்த எண் எந்தக் கொக்கிக்கு என்று இறக்கும்போதே ஒருவர் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த வெறும் மேடை இலங்கை ஆகிவிட்டது.

அன்றைக்கு நடந்தது இலங்கேஸ்வரன். மனோகர் ராவணன். அந்த நாடகத்தை அவர் குழு 1000 முறைக்கு மேல் போட்டிருக்கிறது. சீதையை ராவணனின் மகளாக வைத்துப் பின்னிய கதை. ராமாயணம் கேட்டு வளர்ந்த கூட்டத்தின் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும், நீயே யோசித்துப் பார். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கிடைத்த வேலை, மேடையின் இடது பக்க மறைவில், விங் என்பார்கள், அங்கே நின்று விளக்கு அணைந்ததும் ஒரு கயிற்றை இழுத்துப் பிடிப்பது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருட்டு. அதற்குள் அரண்மனை மேலே போக வேண்டும், வனம் கீழே வர வேண்டும். உள்ளங்கை எரிந்தது. விளக்கு வந்ததும் மைதானம் முழுக்க ஒரே கைதட்டல், யாருமே இன்னும் வசனம் பேசவில்லை. இடையில் எனக்கு வேலை இல்லாத ஒரு காட்சியில் படுதா இடுக்கு வழியாக வெளியே பார்த்தேன். தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ராவணனுக்காக.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. ஓமலூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் இரணியன் கூத்துக் கட்டுவார்கள். விடிய விடிய நடக்கும். இரணியன் வேஷக்காரர் கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மாட்டிக்கொண்டு, இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று முதலில் குரலை மட்டும் விடுவார். தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். விடியற்காலம் நரசிம்மர் வந்தால் அந்த வேஷக்காரருக்கு அருள் ஏறிவிடும் என்று இடுப்பில் வேட்டியைக் கட்டி நாலு பேர் இழுத்துப் பிடித்திருப்பார்கள். அப்பத்தா நரசிம்மரை எழுந்து நின்று கும்பிடும். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து இரணியனுக்காக அழும். "பெத்த புள்ளையே எதிரியாப் போயிட்டா எவன் தாங்குவான்" என்று சொல்லும். ரெண்டும் ஒரே மனசுக்குள் இருந்தது, அதற்கு அது ஒரு முரணாகவே படவில்லை. பாரதக் கூத்தின் கடைசியில், படுகளத்தில் துரியோதனன் விழுந்ததும் ஒப்பாரி வைக்கிற ஊர்கள் நம்ம பக்கத்தில் எத்தனை இருக்கின்றன!

அந்த மாதிரி கூட்டத்தை நம்பித்தான் மனோகர் மேடை ஏறினார் என்று நான் நினைக்கிறேன். அவர் எடுத்துக்கொண்ட பெயர்களைப் பார்: இலங்கேஸ்வரன், சூரபத்மன், சிசுபாலன், இந்திரஜித், நரகாசுரன், சுக்ராச்சாரியார். எல்லாரும் கதையில் தோற்றவர்கள். சாணக்கிய சபதம் மாதிரி வேறு நாடகமும் போட்டார், ஆனாலும் அவர் மனசு இவர்கள் பக்கம்தான் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. குழுவை நடத்தியது, நாடகத்தை இயக்கியது, தலைமை வேஷம் கட்டியது எல்லாம் அவரே. தந்திரக் காட்சிக்கு நமக்குப் பெரிய பரம்பரை உண்டு. அந்தக் காலத்துக் கன்னையா நாடகக் கம்பெனி நிஜக் குதிரையை மேடையில் ஏற்றியது, நவாப் ராஜமாணிக்கம் தசாவதாரம் போட்டு அசத்தினார். பையன்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் எல்லாம் கலைந்து, ஜனங்கள் சினிமாக் கொட்டகைப் பக்கம் போய்விட்ட பிறகு, அந்தப் பிரம்மாண்டத்தைத் தனி ஆளாகத் தூக்கிச் சுமந்தவர் மனோகர். நாடகக் காவலர் என்று அவரைச் சும்மா சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கிறதே, சின்ன வயதில் உன்னை சைக்கிளில் வைத்து அதைக் கடந்து எத்தனை தடவை கூட்டிப் போயிருப்பேன். 1930களில் டி.ஆர். சுந்தரம் கட்டிய சினிமாக் கம்பெனி. முதல் மலையாளப் பேசும் படம் பாலன், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அலிபாபாவும் 40 திருடர்களும், எல்லாம் அந்த வளைவுக்குள் பிறந்தவை. மனோகர் அந்த வளைவுக்குள் நிறைய வந்து போனவர். வண்ணக்கிளி (1959), கைதி கண்ணாயிரம் (1960), சுந்தரம் காலமான பிறகு வந்த வல்லவனுக்கு வல்லவன் (1965), இரு வல்லவர்கள் (1966) எல்லாவற்றிலும் அவர் உண்டு. முதலாளி சுந்தரமே பர்மா ராணியில் தானே இயக்கித் தானே வில்லனாக நடித்தவர். அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: உள்ளே கத்தியைத் தூக்கிக்கொண்டு முறைத்த அந்தச் சம்பளம்தான், வெளியே லாரியில் படுதாவாகவும் மணல் மூட்டையாகவும் வந்து இறங்கியிருக்கிறது.

நீ சீரியலில் வாங்குகிற சம்பளத்தை அசிங்கமாக நினைக்காதே கண்ணு. போன வருஷம் ஒரு இடத்தில் ஐந்து மாதம் பணம் தராமல் இழுத்தடித்தார்களே, அப்போதுகூட நீ ஒத்திகைக்கு வாடகை கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறாய், உங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உன் மாமியார் வேஷத்தை நான் தினமும் ஏழரை மணிக்குப் பார்க்கிறேன். அந்த மாமியார் எதற்குப் பயப்படுகிறாள் என்று யாரும் உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் மகன் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் உன் கை ஒரு நொடி சேலை மடிப்பைப் பிடிக்கிறது. அதை நீயாகத்தான் வைத்திருக்கிறாய். காய்கறிக் கடை அம்மா திட்டினார் என்றால் அந்தக் கை அவர் வீடு வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை அவரை நாடகத்துக்குக் கூப்பிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன், டிக்கெட் கொடுத்துக் கூப்பிடு.

கூனியை விடாதே. மண் உருண்டைக் காட்சியை நான் மறக்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த ராமன் வில்லில் வைத்து அடித்த உருண்டையைக் கூனி மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள் என்று கம்பர் சொல்லியிருப்பதை நீதான் எனக்குச் சொன்னாய். அந்த இடத்தை மேடையில் எப்படிக் காட்டுவது, படம் ஓட்டிக் காட்டினால் செலவாகுமே என்று கவலைப்பட்டாய். செலவே இல்லை. கூனிக்குப் பின்னால் மெல்லிசு வலைத்துணியை மேலிருந்து கீழ் வரை இழுத்துக் கட்டு. முன்னால் இருந்து சாய்வாக விளக்கு அடித்தால் அது சுவர் மாதிரி நிற்கும், பின்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. முன் விளக்கை மெல்ல இறக்கிக்கொண்டே பின் விளக்கை ஏற்றினால், துணி கரைந்த மாதிரி ஆகி உள்ளே வில்லோடு நிற்கிற பையன் தெரிவான். மறுபடி மாற்றினால் பையன் இல்லை, கூனி மட்டும். நாங்கள் உள்ளூர் நாடகங்களுக்கு எத்தனையோ தடவை செய்தது இது. ஒன்று மட்டும் கவனம், பையனுக்குப் பின்னால் கறுப்புத் துணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் தெரிந்து காட்சி கெட்டுவிடும். முன் விளக்கு நேராக விழுந்தாலும் துணியைத் தாண்டி உள்ளே போய்விடும், ஓரத்தில் இருந்துதான் அடிக்க வேண்டும்.

மனோகர் 2006 ஜனவரியில் காலமானார். நியூஸ் கேட்ட அன்றைக்கு நான் கடையை மத்தியானமே சாத்திவிட்டு போஸ் மைதானத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சாயங்காலம் வந்து ஏன் அப்பா ஒரு மாதிரி இருக்கீங்க என்று கேட்டாய், சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

முதல் அக்ரஹாரத்தில் பன்னிரண்டு மீட்டர் வலைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன், சாம்பல் நிறம். விளக்கை ஏற்றி இறக்குகிற டிம்மர் ஒன்று கடையில் பழசாக இருந்தது, அதைப் பிரித்துத் துடைத்து மாட்டினேன், நன்றாக வேலை செய்கிறது. ஸ்பாட் விளக்கு நாலு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு யாரையாவது ஒரு பையனை அனுப்பு, பெட்டி கனமாக இருக்கும். ஒத்திகை இடத்தில் எத்தனை ஆம்பியர் கரண்ட் வருகிறது என்று மட்டும் முன்னாலேயே கேட்டு வை.

அப்பா