திங்கட்கிழமை மூடியிருக்கும், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் போய்வரப் பத்து இடங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் இடம் மிச்சமானதால் சேர்த்ததுபோல், கடைசியாக ஹில் ஸ்திரீட் தீயணைப்பு நிலையத்திலுள்ள குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடம், அதாவது தீயணைப்புப் படையின் அருங்காட்சியகம். “சிவப்பு வண்டியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அரைமணியில் திரும்பிவிடலாம்” என்று எழுதியவர் உள்ளே காலடி வைத்தாரா என்று நான் கேட்க மாட்டேன். திங்கட்கிழமை அது மூடியிருக்கும் என்றாவது விசாரித்திருக்கலாம். தங்கள் தாளை நம்பி மறுநாளே பேரனையும் பேத்தியையும் யீஷூனிலிருந்து கூட்டிப்போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, இரண்டு ஐஸ்கிரீமுக்குத் தண்டம் அழுதேன்.

புதன்கிழமை மறுபடி போனோம். அனுமதி இலவசம். இரண்டரை மணிநேரம் இருந்தோம்; பழைய நீராவிப் பம்பு வண்டியிடம் மட்டுமே தங்களுடைய அரைமணி போய்விட்டது. கொதிகலனில் நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து ஆவி சேர்ந்தால்தான் பம்பு நீரை இறைக்கும் என்றேன். “தீயை அணைக்கப் போறவங்களே முதல்ல தீ மூட்டணுமா தாத்தா? அதுக்குள்ள வீடு எரிஞ்சிடாது?” என்றான் எட்டு வயதுப் பேரன். வண்டி போகும்போதே சூடேற்றுவார்கள் என்று சமாளித்தேன். பேத்திக்கோ, வண்டி இழுத்த குதிரைக்கு யார் தண்ணீர் வைத்தார்கள் என்ற கவலை.

1908இல் கட்டிமுடித்த நிலையம் அது. கோபுரத்தில் ஆள் நின்று ஊரில் எங்கே புகை என்று பார்ப்பார். நனைந்த குழாய்களையும் அங்கேதான் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். இன்றும் அழைப்பு வந்தால் அங்கிருந்து வண்டி கிளம்புகிறது. இதில் ஒரு வரிக்கும் தங்கள் பட்டியலில் இடமில்லை.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. தியோங் பாருவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த என் அம்மா, பக்கத்திலிருந்த புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்த புகையைப் பார்த்தவர். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். சாகும்வரை அவர் அடுப்பை இரண்டு முறை தொட்டுப் பார்க்காமல் படுத்ததில்லை. பிள்ளைகளிடம் அதையும் சொன்னேன். தங்களுக்குத் தெரியாததா?

எங்கள் புளோக்கில் அந்தப் பயமெல்லாம் யாருக்கும் இல்லை. தாழ்வாரம் முழுக்கச் செருப்பு அலமாரி, அட்டைப்பெட்டி, இரவெல்லாம் மின்னூட்டத்தில் நிற்கும் ஸ்கூட்டர். சென்ற ஆண்டே இதுபற்றி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. ராசிபலன் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

இன்னொன்று. பட்டியலில் “தீயனைப்பு” என்று அச்சாகியிருந்தது. “தாத்தா, இதுக்கு மூணு சுழி ண தானே?” என்று கேட்டது நானல்ல, பேரன். அவனுக்கு நான் தமிழ் வாசிக்கச் சொல்லித்தருவது தங்கள் தாளை வைத்துத்தான்.

விடுமுறை முடிவதற்குள், ஒரு மூலையிலாவது “திங்கட்கிழமை மூடியிருக்கும்” என்று போட்டால் போதும். முடிந்தால் அந்த ண-வையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டுகால வாசகர்,
யீஷூன், சிங்கப்பூர்