கயாக், தீவு, நடை: ஒரு நாள் பயணத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

முதல் நன்றி மீனவர்களுக்கு. காலையில் நடை, சாயங்காலம் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) என்று நாங்கள் எழுதியிருந்த திட்டத்தைப் பார்த்ததுமே தலைகீழாக மாற்றச் சொன்னீர்கள். வெயில் ஏற ஏறக் கரை சூடாகும், கடல்காற்று எழும்பும், பிற்பகலில் அது வலுத்து நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கக் கூடாது. விடிந்ததும் கயாக், அடுத்து தீவுகளுக்குப் படகு, கடைசியில் நடை என்பதே சரியான வரிசை. காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமுமாக மோதும் இடத்தில், லேசான காற்றுக்கே அலை செங்குத்தாக எழும் என்பதையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஏற்றவற்ற அட்டவணையை வரி வரியாக விளக்கியவருக்குத் தனி நன்றி. கடல் சீராக ஏறுவதில்லை. வற்றத்திலிருந்து ஏற்றம் வரையுள்ள ஆறு மணி நேரத்தில், மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் மட்டுமே மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். நீர்மட்ட வித்தியாசம் 2.4 மீட்டர் என்றால், அந்த மணிகள் ஒவ்வொன்றிலும் 60 சென்டிமீட்டர். 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள மணற்கரையில் அது ஒரே மணி நேரத்தில் 12 மீட்டர் உள்ளே வரும். தீவில் கயாக்கை மணலில் விட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பி வந்து வெறுங்கரையைப் பார்ப்பது இதனால்தான். காய்ந்த பாசி கிடக்கும் கோட்டுக்கு மேலே இழுத்துப் போட்டு, முன்மூக்குக் கயிற்றைப் பாறையிலும் கட்ட வேண்டும். பாறைமுனையைச் சுற்றி நடப்பதற்கும் இதே கணக்குத்தான்: நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடந்துவிட வேண்டும். ஏறத் தொடங்கிய பிறகு போனால் முன்னும் பின்னும் வழி அடைபடும். ஏற்றவற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், போன வாரத்துத் தாள் இந்த வாரத்துக்கு உதவாது.

துடுப்புப் பயிற்சியாளருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 2 கிலோமீட்டர் அகலக் கால்வாயை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 24 நிமிடம் ஆகும். நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால், அதற்குள் 800 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். மூக்கைத் தீவுக்கு நேராகப் பிடிக்காமல், ஓட்டம் வரும் பக்கமாகச் சுமார் 25 பாகை சாய்த்துத் துழாவச் சொன்னீர்கள். எதிரே ஒரு பாறை, அதற்குப் பின்னால் ஒரு மரம், இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும்வரை பாதை பிசகவில்லை. இவ்வளவு எளிய அளவுகோல் வேறு இல்லை!

உயிர்காப்பு அங்கியைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது, ஏறினால் பக்கவாட்டுப் பட்டை தளர்வு. நனையாப் பையில் காற்றைப் பிதுக்கிவிட்டு வாயை மூன்று மடிப்பாவது சுருட்டிய பிறகே கொக்கியைப் பூட்ட வேண்டும். இரண்டே மடிப்பில் பூட்டினால் தண்ணீர் கசிந்துவிடும். குடிநீர் போன்ற பாரமானவை இருக்கையை ஒட்டி, அடியில். கயாக் கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் கயாக்கையே பிடித்துக்கொள்ள வேண்டும், தேடி வருபவர் கண்ணுக்குத் தலையைவிட அதுதான் தெரியும்.

தீவுப் படகோட்டிக்கும் நன்றி. கடைசிப் படகை நம்பித் திட்டம் போடாமல் அதற்கு முந்தையதைப் பிடிக்கச் சொன்னது, பறவைகள் முட்டையிட்டிருக்கும் பக்கத்தில் கரையேறாமல் தடுத்தது, இரண்டுமே நல்ல காரியங்கள்.

நிறைவாக, கரையில் இருந்தவருக்கு. எத்தனை பேர், கயாக்குகளின் நிறம், புறப்படும் இடம், பாதை, திரும்பும் நேரம் எல்லாம் எழுதிய தாள் உங்கள் கையில் இருந்தது. 4 மணிக்குத் திரும்ப வேண்டும், 5 மணிவரை தகவல் இல்லையென்றால் கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டும் என்று குறித்திருந்தோம். தேடுவதற்கு வெளிச்சம் மிச்சமிருக்க வேண்டும் என்பதால்தான் அந்த 5 மணி. நடை முடிந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை உங்களை அழைத்தது. தொலைபேசி மணி முதல்முறை அடித்ததுமே எடுத்தீர்களே, அதற்கும் நன்றி.

அன்புடன்,
பயணக் குழுவினர்